எட்டு

அயோவாவில், நான் வேலைக்குச் சேர்ந்த இலையுதிர் காலத்தில்
துறைக் கதவில் "அரசியல்" என்று மட்டும் இருந்தது.
பெயிண்டர் ரஸ்மஸ் வந்து பக்கத்தில் "அறிவியல்" சேர்த்தான்.
இடம் போதவில்லை.
கடைசி எழுத்துகள்
கூட்டப் பேருந்தில் நிற்பவர்களைப்போல்
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டன.

வான்டர்வோர்ட்டுக்குப் பிடிக்கவில்லை.
முப்பது வருடம் அரசமைப்புச் சட்டத்தை
வரிவரியாக ஓதியவர்.
"ஆட்சி எதற்கு என்று கேட்பது படிப்பு.
எத்தனை பேர் என்று கேட்பது
மளிகைக்கடை."
அவர் மேசையை மாடிக்குத் தூக்கினார்கள்,
வரலாற்றுத் துறையின் கழிவறைக்குப் பக்கத்தில்.
காலியான அறையில்
அட்டை பிரிக்கும் எந்திரம் வந்து உட்கார்ந்தது.
அது பேசத் தொடங்கினால்
வேறு யாரும் பேச முடியாது.

நான் துளை போடுகிறவள்.
ஓர் அட்டை, ஓர் ஆள், எண்பது பத்தி.
வயது. மதம். எத்தனை ஏக்கர். யாருக்கு ஓட்டு.
"நாட்டையே கேட்க வேண்டாம்,
ஆயிரத்து அறுநூறு பேர் போதும்" என்பார் தாக்ஸ்டர்,
எங்கள் புதுப் பேராசிரியர்.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
சரிதான்.
அந்தப் பருக்கைக்கு வாய் உண்டு என்பது
வீடு வீடாகப் போன
ஆர்ஃபா டின்விட்டிக்குத்தான் தெரியும்.

அவள் கொண்டுவரும் தாள்களில்
பன்றிப் பண்ணைச் சேறு காய்ந்திருக்கும்.
ஓரங்களில் பென்சிலில் பொடிப்பொடியாக எழுதியிருப்பாள்.

கேள்வி இருபத்தேழு:
மேலே இருப்பவர்கள் உங்கள் பேச்சைக் கேட்பார்களா?

திருமதி ஹுல்டா ஸ்ட்ரோபெல், வயது நாற்பத்தொன்று.
விடைக்கட்டம் காலி.
ஓரத்தில் ஆர்ஃபாவின் கை:
"சமையலறைக் கதவைச் சாத்தினார்.
கணவர் வெளியே டிராக்டரைத் திட்டிக்கொண்டிருந்தார்.
நான்கு நிமிடம் பேசவில்லை.
இதுவரை என்னை யாரும்
ஒன்றும் கேட்டதில்லையே என்றார்.
பிறகு என் கையுறையில் கிழிசலைப் பார்த்து
ஊசி எடுத்துவந்து தைத்துக் கொடுத்தார்."

தாளை எடுத்துக்கொண்டு தாக்ஸ்டரிடம் போனேன்.
முழுவதும் படித்தார். இரண்டு முறை.
கெட்டவர் இல்லை அவர்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்:
"ஓரத்துக்குப் பத்தி இல்லையே, மிஸ் ஹாக்ஸ்ட்ரா.
எட்டு போடுங்கள்."
ஆம் என்றால் ஒன்று. இல்லை என்றால் ஐந்து.
தெரியாது என்றால்
எட்டு.

நாற்பத்து மூன்றாம் பத்தியில் எட்டு போட்டேன்.
நகத்தின் ஓரம் அளவுக்கு ஒரு துண்டு
கீழே டப்பாவில் விழுந்தது.
அந்தச் சனிக்கிழமை
கால்பந்து ஆட்டத்துக்கு மாணவர்கள் டப்பாவோடு அள்ளிப்போனார்கள்.
நாங்கள் ஜெயித்தோம்.
வானமெல்லாம் துண்டுகள்.

கட்டுரை வெளிவந்தது. துறைக்குப் பணம் வந்தது,
பிறகு தனிக் கட்டடம்.
அட்டவணை மூன்றில் கடைசி வரி:
தெரியாது, பதினொன்று புள்ளி நான்கு சதவீதம்.
வான்டர்வோர்ட் இறந்தபோது
அவருடைய புத்தகங்களை எடைக்குப் போட்டார்கள்.
எத்தனை பவுண்டு என்று
யாரோ எண்ணியிருக்கிறார்கள்.

முப்பத்தைந்து வருடம் கழித்து ஒரு ஃபோன்.
பெயர் இங்கெர், ஆராய்ச்சி மாணவி.
தெரியாது என்பவர்களைப் பற்றித்தான் ஆய்வாம்.
இப்போது அதற்கும் நிதி உண்டாம்.
அட்டைகள் பத்திரமாக இருக்கின்றன,
மூலத்தாள்களை இடமில்லை என்று எரித்துவிட்டார்களாம்.
"நாற்பத்து மூன்றாம் பத்தி
உங்களுக்கு ஏதாவது நினைவிருக்கிறதா?"

சாம்பல் நிறக் கையுறை.
கருப்பு நூல், அதனால் தையல் தெரிந்தது.
குளிர்காலம் முழுக்க ஆர்ஃபா
அந்தக் கையைத்தான் வெளியே காட்டிக்கொண்டு வந்தாள்.

இதை எங்கிருந்து தொடங்குவது என்று
நினைத்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

"பரவாயில்லை மேடம்" என்றாள் அந்தப் பெண், மென்மையாக.
மறுமுனையில்
ஒரே ஒரு விசை தட்டும் ஓசை.

"இரு" என்றேன்.